நிலக்கடலை ரிச்: காய்க்கு வாங்கலாம், வேரழுகலுக்கு வாங்காதீங்க

அவசரத்துல இருக்கறவங்களுக்காக முதல்லயே தீர்ப்பைச் சொல்லிடறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட ‘நிலக்கடலை ரிச்’ங்கற இலைவழித் தெளிப்புப் பொடி, கொடுத்த காசுக்கு வேலை செய்யற சரக்கு. பூ கொட்டறது குறையுது, பருப்பு நிறையாத பொக்குக் காய் குறையுது. ஆனா செடி வேரழுகிச் சாகுதுன்னு அதை வாங்கப் போறீங்கன்னா, அந்தக் காசை அடுத்த பட்டத்து விதைநேர்த்திக்கு, அதாவது விதைக்கறதுக்கு முன்னாடி விதையில மருந்து கலக்கறதுக்கு, எடுத்து வைங்க. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் எங்க பக்கத்து மருந்துக்கடைகள்ல இப்போ பாதி டானிக் வியாபாரம் நடக்குது.

நாங்க திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுப் பக்கம். செம்மண், கிணத்துப் பாசனம். மார்கழிப் பட்டத்துல இறவை மல்லாட்டை (நிலக்கடலையை நாங்க அப்படித்தான் சொல்வோம்), ஆடியில மழை கைகொடுத்தா மேட்டுக்கொல்லையில மானாவாரி. வீட்டுக்காரர் லாரிக்குப் போயிடறதால கொல்லை வேலை என்னோடதும் மாமியாரோடதும்தான். மாமியார் டிஎம்வி 7 தவிர வேற ரகத்தை மல்லாட்டைன்னே ஒத்துக்க மாட்டாங்க. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகம் அது. நான் தரணியும் கதிரி 1812-ம் போட்டுப் பார்த்துட்டேன். எந்த ரகம் போட்டாலும் எங்க கொல்லையில ஒரு மூலை மட்டும் வருஷா வருஷம் திட்டுத் திட்டாக் காயும். அதனால இந்த விமர்சனத்தைக் காயைப் பார்த்து மட்டும் எழுத முடியாது, வேரையும் பிடுங்கிப் பார்த்துத்தான் எழுதறேன்.

முதல்ல ரிச். இதைத் தயாரிச்சது கோயம்புத்தூர்ல பல்கலைக்கழகத்தோட பயிர் வினையியல் துறை. சத்துகளும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்த பொடி. ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணியில. கொல்லை பூரா பூ மஞ்சளா தெரியறப்ப ஒரு தடவை, காய் பிடிக்கறப்ப இன்னொரு தடவை. பூ பிடிப்பு கூடும், பொக்குக் காய் குறையும், வறட்சியைக் கொஞ்சம் தாங்கும், விளைச்சல் 15 சதம் வரைக்கும் கூடும்னு பல்கலைக்கழகம் சொல்லுது. அந்தப் பட்டியல்ல வேரழுகல்ங்கற வார்த்தையே கிடையாது. அவங்க சொல்லாததைச் சொல்லி விக்கறது கடைக்காரங்கதான்.

200 லிட்டர்ங்கறதுலதான் நம்ம ஊர்ல கோட்டை விடறாங்க. 16 லிட்டர் பேட்டரி டேங்க்னா ஏக்கருக்குப் பன்னெண்டரை டேங்க் வரும், டேங்குக்கு 160 கிராம் பொடி. மருந்தடிக்க வர்ற ஆள் டேங்க் கணக்குல கூலி பேசியிருந்தா சரியா அடிப்பார். ஏக்கர் கணக்குல பேசியிருந்தா ஏழெட்டு டேங்க்லயே வரப்புக்கு ஏறிடுவார். மிச்சப் பொடி? அதையும் அந்த ஏழெட்டு டேங்க்லயே கொட்டிடுவார். அப்போ கரைசல் கெட்டியாகி இலை ஓரம் கருகும், ‘அந்த மருந்து சரியில்ல’ன்னு பேரும் வரும். எங்க கொல்லையில அடிக்கற நாளைக்குக் கரைக்கற வேலையை நான் எடுத்துக்குவேன். ஒரு பக்கெட்ல கரைச்சு, பழைய வாயில் புடவைத் துணியில வடிகட்டி, அளந்து ஊத்தி, ஒட்டு திரவமும் கலந்து கொடுத்தா நாசில் அடைக்கறது கிடையாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அடிக்கறது நல்லது.

இப்போ ட்ரோன் வந்துடுச்சு. ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணியில வேலை முடியும்னு சொல்றாங்க. பூச்சி மருந்துக்கு அது சரியா இருக்கலாம். ஆனா 2 கிலோ பொடியைப் 10 லிட்டர்ல கரைச்சா அது கரைசலா குழம்பா? நான் சம்மதிக்கல.

பலன் என்னன்னா, வரப்பு ஓரமா சில சால் (செடி வரிசை) அடிக்காம விட்டு வெச்சு, பிடுங்கறப்ப ரெண்டு பக்கமும் செடியை எடுத்துப் பார்த்தோம். அடிச்ச பக்கம் காய் கொஞ்சம் கூடுதல், அதைவிடக் காயோட திரட்சிதான் கண்ணுல பட்டுது. காய் ஆய வந்த பொம்பளைங்க யாரும் சொல்லிக் கொடுக்காமலே ‘இந்தப் பக்கத்துக் காய் கைக்கு கனமா இருக்கு’ன்னாங்க. காயைக் காதுகிட்ட வெச்சு ஆட்டினா பருப்பு உருளற சத்தம் அடிக்காத பக்கத்துல அதிகம். பருப்பு ஓட்டை நிறைக்கலன்னு அர்த்தம். ஜிப்சம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தோம், ஏக்கருக்கு 160 கிலோ, மண் அணைக்கறப்ப. இதை எதுக்குச் சொல்றேன்னா, ஜிப்சம் போடாம ரிச் மட்டும் அடிச்சுட்டு பொக்கு போகலன்னு திட்டறவங்க இருக்காங்க. மல்லாட்டைக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணுக்குள்ள இருக்கற காயே நேரா உறிஞ்சிக்குது. இலைமேல எதை அடிச்சாலும் அந்தப் பாக்கியை அடைக்க முடியாது.

காய் விஷயம் அவ்வளவுதான். இனி அந்தக் காயற மூலை.

ரிச் அடிச்ச சால்லயும் அடிக்காத சால்லயும் செடி ஒரே மாதிரிதான் செத்துது. எனக்கு அதுல ஆச்சரியம் இல்ல. நாள் கணக்கைப் பார்த்தாலே தெரியும். மல்லாட்டை பூக்க ஆரம்பிக்கவே ஒரு மாசம் கிட்ட ஆகிடும். கழுத்தழுகல்ங்கறது முளைக்கறப்பவும் அதுக்கடுத்த சில வாரத்துலயும் வர்ற நோய். பூவுக்கு மருந்தடிக்கப் போற நேரத்துல அது அடிக்க வேண்டியதை அடிச்சு முடிச்சிருக்கும். வேர் அழுகின செடிக்குத் தண்ணியே மேல ஏறாது. இலையில குடுத்த ஊக்கி கீழ போய் வேரைத் திரும்ப உண்டாக்கும்னு எப்படி எதிர்பார்க்கறது?

அதுக்கும் முன்னால, செடி எதனால சாகுதுன்னு பிடுங்கிப் பார்க்காம யாரும் கடைக்குப் போகாதீங்க. எங்க கொல்லையிலயே ஒரே பட்டத்துல மூணு விதமாச் சாவும். இளஞ்செடி திடீர்னு தொங்கிடுச்சு, மண்ணை ஒட்டின கழுத்துல கரிப்பொடி பூசின மாதிரி கறுப்பா இருக்கு, தொட்டா விரல்ல ஒட்டுதுன்னா அது கழுத்தழுகல், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சாணம். கொஞ்சம் வளர்ந்த செடி காய்ஞ்சு, இழுத்தா மேல் பாதி மட்டும் கையோட வருது, வேர் மண்ணுலயே தங்கிடுது, பட்டை நார் நாரா உரியுது, உள்ள கறுப்புப் புள்ளி தெரியுதுன்னா அது வேரழுகல், மேக்ரோஃபோமினா. மழையில்லாம மண் சுடற காலத்துல இது ஆட்டம் போடும். அடித்தண்டுல வெள்ளை நூல் படர்ந்து, அதுல கடுகு கடுகா உருண்டை ஒட்டியிருந்தா தண்டழுகல், ஸ்கிளிரோஷியம். இது ஈரம் கூடின இடத்துல, மக்காத எரு கொட்டின இடத்துல வரும். எங்க மூலையில வர்றது பெரும்பாலும் இந்த மூணாவதுதான். வாய்க்கால் தண்ணி தேங்கற இடம் அது, பக்கத்துலயே மாட்டுக்கொட்டாய்.

இது மூணும் இல்லாம, செடி லேசா இழுத்ததும் வந்துடுது, வேரையே காணோம், நறுக்கின மாதிரி இருக்குன்னா மண்ணைக் கிளறிப் பாருங்க. வளைஞ்ச வெள்ளை வேர்ப்புழு கிடைக்கும். அதுக்குப் பூஞ்சாண மருந்தும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம், அது வேற வைத்தியம்.

அந்த மூலைக்கு உருப்படியா கைகொடுத்தது வேளாண் விரிவாக்க மையத்துல வாங்கின ட்ரைக்கோடெர்மா, சூடோமோனாஸ்ங்கற நல்ல நுண்ணுயிர்ப் பொடிகள்தான். என் கணக்குல இந்த விமர்சனத்துல முதல் மார்க் இதுக்குத்தான். ட்ரைக்கோடெர்மா பாக்கெட்ல விரிடின்னோ ஆஸ்பரெல்லம்னோ போட்டிருக்கும், எதுவானாலும் சரி. விதைப் பருப்பு கிலோவுக்கு 4 கிராம். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு போடறோம்னா 200 கிராம் போதும். சூடோமோனாஸ்னா கிலோவுக்கு 10 கிராம். இதில்லாம ட்ரைக்கோடெர்மா ஏக்கருக்கு ஒரு கிலோவை நல்லா மக்கின எருவுல கலந்து, நிழல்ல வெச்சு, ஈரம் இருக்கறப்ப மண்ணுல தூவினோம். அந்த மூலைக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாப் போட்டேன்.

விதையில கலக்கறதுக்குன்னு ஒரு பக்குவம் இருக்கு. மல்லாட்டைப் பருப்போட சிவப்புத் தோல் ரொம்ப மெல்லிசு. நெல்லை அள்ளிப் பிசையற மாதிரி கையைப் போட்டுப் பிசைஞ்சா தோல் உரிஞ்சு, பருப்பு ரெண்டாப் பிளந்துடும். அப்படிக் காயம்பட்ட பருப்புலதான் அந்தக் கறுப்புப் பூஞ்சாணம் முதல்ல ஏறும். நாங்க பழைய தார்ப்பாயில பருப்பைப் பரப்பி, ஆறின அரிசிக்கஞ்சியைக் கைவிரலால தெளிச்சு, பொடியைத் தூவி, ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவோம். பருப்புமேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் ஏறினதும் நிறுத்திடணும். நிழல்ல அரைமணி உலர்த்தி அன்னிக்கே விதைச்சுடணும். மிஷின்ல உடைச்ச பருப்பை வாங்கினா கீறல் பட்டதைப் பொறுக்கி எடுக்கற வேலை கூடுது. மாமியார் கண்ணுக்கு அதுல ஒண்ணும் தப்பாது.

கார்பன்டாசிம் மாதிரி ரசாயன மருந்தும் சேர்த்துப் போடணும்னு நினைக்கறவங்க அதை ஒரு நாள் முன்னாடியே போட்டு முடிச்சுடுங்க. ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான். ரெண்டையும் ஒரே தட்டுல கலந்தா காசு குடுத்து வாங்கினதை நாமே கொன்ன கணக்கு. பாக்கெட்ல காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்க. உயிர் இருக்கற சரக்கு, கடைக்காரர் வெயில்ல அடுக்கி வெச்சிருந்தா வாங்கவே வேண்டாம்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. வேருக்கு வளர்ச்சி ஊக்கி வேணும்னு கேக்கறவங்களுக்கு இதுலயே அது இருக்கு. ட்ரைக்கோடெர்மாவும் சூடோமோனாசும் வேரைச் சுத்திக் குடியிருந்துக்கிட்டு ஆக்சின் வகை ஊக்கியைத் தாங்களே சுரக்குது, கெட்ட பூஞ்சாணத்தையும் தடுக்குது. பாட்டில்ல வாங்கி இலைமேல அடிக்கற ஆக்சினுக்கும் இதுக்கும் வித்தியாசம், இது நோய் வர்ற இடத்துலயே நோய் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு.

ரசாயனத்துலயும் இப்படி ரெண்டு வேலை பார்க்கறது ஒண்ணு உண்டு, டெபுகொனசோல். விதைநேர்த்திக்கும் தண்டழுகலுக்கும் பயன்படுத்தறாங்க. மாந்தோப்புக்காரங்க வளர்த்தியை அடக்கிப் பூ வரவைக்க ஊத்தற பேக்லோபியூட்ரசாலும் இதுவும் ஒரே ட்ரையசோல் குடும்பம். அதனாலதான் இது பட்ட செடி கொஞ்சம் குட்டையா, கரும்பச்சையா நிக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர் ‘செடி வளரலையே’ன்னு பயந்து யூரியா போடப் போனார், நான்தான் நிறுத்தினேன். அளவு மீறாத வரைக்கும் பயப்பட வேண்டியதில்ல.

இப்போ அந்த ‘வேர் டானிக்’. கம்பெனி பேர் எழுதல, கடை பேரும் வேண்டாம். கொழுந்தனார் வாங்கிட்டு வந்தது. ‘அண்ணி, வேரழுகலுக்கு இதை ஊத்தினா மூணே நாள்ல நிக்கும்னு கடைக்காரர் சத்தியம் பண்றார்’னு கையில குடுத்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னாடி வேர் படம், பின்னாடி ஹ்யூமிக், கடல்பாசி, அமினோன்னு வரிசையா பேர். என்ன சத்து எத்தனை சதம்ங்கற இடம் காலி. பதிவு எண்ணும் இல்ல. என்ஏஏ, ஜிப்ரலிக் அமிலம் மாதிரி ஊக்கிகள் 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்ள வருது, பாட்டில்ல பதிவு எண்ணும் நிற முக்கோணமும் இருந்தாகணும். கடல்பாசி, ஹ்யூமிக் மாதிரி உயிர் ஊக்கிகளை 2021-ல உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. ரெண்டு வழியிலயும் சேராத பாட்டிலுக்கு விலை மட்டும் பெருசா அச்சடிச்சிருந்தது.

வாங்கினது வாங்கியாச்சுன்னு அந்த மூலையில பாதியில அவரே ஊத்தினார். ஊத்தின பாதியில செத்துக்கிட்டிருந்த செடி செத்துது, ஊத்தாத பாதியிலயும் செத்துது. ஓரத்துல தப்பிச்ச சில செடியில வெள்ளை வேர் புதுசா விட்டிருந்தது. அது டானிக்கால வந்ததா, வாய்க்காலை மடை மாத்தித் தண்ணி வடிஞ்சதால வந்ததான்னு யாரும் சண்டை போடலாம். என் ஓட்டு மண்வெட்டிக்கு. கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டதுக்கு, ‘அக்கா, நீங்க லேட்டா ஊத்திட்டீங்க’ன்னார். சீக்கிரம் ஊத்தியிருந்தா, ‘நோயே வரல பார்த்தீங்களா’ன்னு சொல்லியிருப்பார்.

பாக்கெட்ல வர்ற ரிச்சுக்கு மாத்தா வீட்டுலயே கலக்கிக்கற பழைய முறை ஒண்ணும் பல்கலைக்கழகம் சொன்னதுதான். ஏக்கர் கணக்குக்குக் குறைச்சுச் சொன்னா டிஏபி உரம் 1 கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் 200 கிராம், 15 லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறவெச்சு, காலையில தெளிவை வடிச்சு, 200 லிட்டராக்கி அடிக்கணும். கூடவே பிளானோஃபிக்ஸ்ங்கற வளர்ச்சி ஊக்கி 140 மில்லி. விதைச்ச 25-ம் நாளும் 35-ம் நாளும். செலவு இதுல குறைச்சல்தான். ஆனா டிஏபி கரையறதுக்குள்ள பொறுமை போயிடும், அடியில தங்கற சேறு டேங்குக்குள்ள போனா அன்னிக்கு பூரா நாசிலை ஊதிக்கிட்டே இருக்கணும். ஆள் பலம் இருக்கற வீடு இதையே செய்யலாம். நான் ரிச்சுக்கு மாறினதுக்கு இந்தச் சேறுதான் காரணம், வேற பெரிய தத்துவம் இல்ல.

பிளானோஃபிக்ஸ்ல இருக்கறது என்ஏஏங்கற ஆக்சின். 140 மில்லின்னா 140 மில்லிதான். ‘கொஞ்சம் சேர்த்து ஊத்தினா சேர்த்துக் காய்க்கும்’ங்கற பேச்சே இங்க ஆகாது. 2,4-டி களைக்கொல்லியும் ஆக்சின் வகைதான்னு தெரிஞ்சா யாரும் மூடியால குத்துமதிப்பா ஊத்த மாட்டாங்க. அதே மாதிரி, நெல்லுல 2,4-டி அடிச்ச டேங்க்கைக் கழுவினேன்னு சொல்லிக் கொண்டுவந்தா மல்லாட்டைக் கொல்லைக்குள்ள விடாதீங்க. இலை கிண்ணமா சுருண்டுக்கும். அப்புறம் அதுக்கும் ஒரு டானிக் விப்பாங்க.

ரிச்சுக்கும் வேரழுகலுக்கும் ஒட்டே இல்லையான்னா, ஒரு சின்ன ஒட்டு இருக்கு. மேக்ரோஃபோமினா தண்ணி இல்லாம வாடின செடியைத்தான் சுலபமா மடக்கும். வறட்சி தாங்க ரிச் உதவும்ங்கற அளவுக்கு அந்த நோய்க்கும் கொஞ்சம் தடை இருக்கலாம். ஆனா பூக்கற சமயமும், காய் பிடிக்க விழுது மண்ணுக்குள்ள இறங்கற சமயமும் பார்த்துத் தண்ணி கட்டறது அதைவிடப் பெரிய தடை. கரன்ட் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் அந்த நாள்கள்ல மோட்டார் போட எழுந்திரிச்சுடுவோம்.

பயிர் மாத்தறதுலயும் ஒண்ணு கவனிங்க. மல்லாட்டை எடுத்துட்டு எள்ளோ உளுந்தோ போட்டா பயிர் மாத்தியாச்சுன்னு நிம்மதியா இருக்கறவங்க எங்க ஊர்ல ஜாஸ்தி. எள்ளு வேரழுகலுக்கும் உளுந்து வேரழுகலுக்கும் அதே மேக்ரோஃபோமினாதான் காரணம். கொல்லையில சாப்பாடு மாறல, இலை மட்டும்தான் மாறியிருக்கு. தண்ணி வசதி உள்ள கழனியில சம்பா நெல்லுக்கு அப்புறம் மல்லாட்டை போடறவங்களுக்குத் தண்டழுகல் அவ்வளவா வர்றதில்ல, தேங்கின தண்ணியில அந்தக் கடுகு உருண்டை தாக்குப் பிடிக்காது.

நோய் வந்தே போச்சுன்னா செத்த செடியை வேரோட பிடுங்கி, வரப்புல போடாம வெளியே கொண்டுபோய் எரிச்சுடுங்க. சுத்தி இருக்கற செடிக்குக் கார்பன்டாசிம் கரைசலைப் பாக்கெட்ல போட்ட அளவுல வேர் நனைய ஊத்துங்க. தண்டழுகல்னா டெபுகொனசோல். செத்ததைப் பிழைக்க வைக்க அதுக்கும் முடியாது, பரவறதை நிறுத்தத்தான்.

மார்க் போடச் சொன்னா, ட்ரைக்கோடெர்மா விதைநேர்த்திக்கு அஞ்சுக்கு அஞ்சு, காலாவதி ஆகாத பாக்கெட்டா இருந்தா. ரிச்சுக்கு நாலு. பொடி ஈரம் இழுத்து கட்டி கட்டியா ஆகிடுது, பிரிச்ச பாக்கெட்டை அடுத்த தெளிப்புக்கு வெச்சுக்க முடியல, அதுக்காக ஒண்ணு குறைச்சேன். டிஏபி கரைசலுக்கு மூணரை. கொழுந்தனார் பாட்டிலுக்கு மார்க் போட அதுல என்ன இருக்குன்னு முதல்ல தெரியணும்.

ரிச் வாங்கறவங்க பூ வந்தப்புறம் அலையாதீங்க, அந்த வாரத்துல எல்லாரும் கேப்பாங்க, சரக்கு இருக்காது. வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ முன்கூட்டியே போன் பண்ணி இருப்புக் கேட்டுட்டுப் போங்க. எங்களுக்குக் கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையம்தான் கிட்ட. களை வெட்டற வாரமே வாங்கி வெச்சுடுவோம், பிரிக்காம, தரையில படாம, பலகை மேல.